மோட்டரின் தகட்டை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொக்குவிலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் பழைய லேத் ஒன்றை வைத்து, தோட்டக்காரரின் இறைப்பு மெசின்களுக்குப் புஷ்ஷும் தண்டும் கடைந்து கொடுக்கிறேன். கடந்த ஒரு மாதத்துக்குள் மூன்று பேர், மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. பெட்டியோடு என் படலையைத் திறந்துவிட்டார்கள். கடையில் மூவரும் சொன்னது "இரண்டு குதிரைவலு" என்பது மட்டும்தான். கடைக்காரரும் அதற்கு மேல் கேட்கவில்லையாம்.

முதலாமவருடையது கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டர். வி.எஃப்.டி. ஓட்டுவது மூன்று பேஸ் மோட்டரை. வேகத்தைக் குறைத்ததும் உள்ளே இருக்கிற சுவிட்ச் மூடி, ஓட்டத்தைத் தொடங்க மட்டுமே உள்ள சுருளுக்கு மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தொடக்கச் சுருள் கருகிப்போனது. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

மற்ற இருவரும் செய்த தவறை நானும் செய்திருக்கிறேன். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். அதை வாங்கும் சிறிய வி.எஃப்.டி. மூன்று பேஸாக மாற்றினாலும் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. மோட்டரின் மூன்று சுருள்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைக்கலாம். என் மோட்டரோ 400 வோல்ட்டுக்காக ஸ்டாரில் கட்டப்பட்டிருந்தது. சுமையில்லாமல் அழகாகச் சுழன்றது. உளி பட்டவுடன் நின்றது. மோட்டரைத் திட்டியபடி இரண்டு நாள் கழிந்தது. பிறகு துடைத்துப் பார்த்தால் தகட்டிலேயே 230/400 வோல்ட், 6.1/3.5 ஆம்பியர் என்று இருக்கிறது. இணைப்புத் தகடுகள் மூன்றையும் 230 வோல்ட்டுக்குரிய டெல்டாவுக்கு மாற்றினேன். பெட்டி தரவேண்டியது அந்த 6.1 ஆம்பியரை, குதிரைவலுவை அல்ல. தகட்டில் 400/690 என்றிருந்தால் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். டெல்டாவிலும் அதற்கு 400 வோல்ட் வேண்டும்.

இந்த அளவுப் பெட்டி உள்ளே இழுப்பது 14 ஆம்பியருக்குக் கிட்ட. ஆகவே 13 ஆம்பியர் பிளக்கில் செருகாமல் தனி வயர் இழுக்கவேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று எர்த் கம்பியைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மின் வேலை தெரிந்த ஒருவரே இப்படிச் செய்ததைப் பார்த்து நான் வாயடைத்துப்போனேன். பெட்டியின் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடத்தான் செய்யும். அதற்குத் தகுந்த ட்ரிப் சுவிட்சைப் போடவேண்டும்.

பெட்டிக்கும் மோட்டருக்கும் இடையே பழைய முன்-பின் சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் பெட்டி போய்விடும். அந்த வேலையைப் பெட்டியின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொடுங்கள். லேத்தின் வேகம் மாற்றும் பெல்ட்டையும் எறிந்துவிடவேண்டாம்: 10 ஹெர்ட்ஸில் மோட்டரின் வலு ஐந்தில் ஒன்றுதான், அதன் விசிறியும் மெதுவாகவே சுற்றும். கடையும் பொருளைப் பிடிக்கும் சக் மரையில் பூட்டியதென்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கழன்று காலில் விழும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி கேட்டு வருபவரிடம் மோட்டர் தகட்டைக் கைபேசியில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். என் படலையும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு,
லேத்காரர் ஒருவர்,
கொக்குவில்.