பெறாத பிள்ளைக்கும் தாய்ப்பால் கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தத்தெடுப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், கைக்குழந்தையைத் தத்தெடுக்கும் பெண் அதற்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், தாய்ப்பாலை மட்டும் கொடுக்க முடியாது என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் பரிவோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வரி உண்மையல்ல. கருவுற்றே இராத பெண்ணுக்கும் பால் சுரக்கச் செய்யலாம் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பெண்களிடம் உரிய நேரத்தில் யாரும் சொல்வதில்லையே என்பது நெடுநாள் ஆதங்கம்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் மார்பில் உள்ள பால் சுரப்பிகளை வளர்த்து ஆயத்தப்படுத்துகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரிய, புரோலாக்டின் என்னும் இன்னொரு ஹார்மோனின் தூண்டுதலால் பால் பெருகத் தொடங்குகிறது. ஆனால் அதன்பின் மாதக்கணக்கில் பால் ஊறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் பிரசவம் அல்ல, குழந்தை சப்புவதும் மார்பிலிருந்து பால் வெளியேறுவதும்தான். காம்பு தூண்டப்படும்போதெல்லாம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் வெளிப்பட்டுப் பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் அந்தப் பாலை வெளியே தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் கருப்பை தேவையில்லை. கருப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்கும் இந்த வாய்ப்பு உண்டு.

குழந்தை எப்போது வரும் என்பது சில மாதங்களுக்கு முன்பே தெரிந்தால், மருத்துவர் ஹார்மோன் மாத்திரைகளால் உடலைக் கர்ப்ப நிலைக்கு ஒப்பாகத் தயார்செய்து, பின் அவற்றை நிறுத்திவிட்டு, பால் எடுக்கும் பம்பை இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டு முறையாவது பயன்படுத்தச் சொல்வதுண்டு. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ஜாக் நியூமேனும் தாய்ப்பால் ஆலோசகர் லெனோர் கோல்ட்ஃபார்பும் வகுத்த முறை இதில் பரவலாக அறியப்பட்டது. தத்தெடுப்பில் அவ்வளவு அவகாசம் கிடைப்பது அரிது என்பதால், மருந்தே இல்லாமல் பம்பையும் குழந்தையின் சப்புதலையும் மட்டும் நம்பித் தொடங்குவோரும் உண்டு. யாரும் தாமாக மருந்து வாங்கி உட்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் சிலருக்கு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையச் செய்யும். பால் பெருகுவதற்கென்று தரப்படும் டோம்பெரிடோன் சிலரது இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராக எச்சரித்தது. பால் வழியே குழந்தைக்குச் செல்லக்கூடிய தொற்று ஏதும் தாய்க்கு இல்லை என்பதையும் பரிசோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதல் துளிகளைக் காணவே சில வாரங்கள் ஆகலாம். குழந்தையின் முழுத் தேவைக்கும் போதுமான அளவு பலருக்குச் சுரப்பதில்லை. பிரசவத்தை ஒட்டி வரும் சீம்பாலையும் இம்முறையில் எதிர்பார்க்க இயலாது. இதைச் சொன்னதும் சில பெண்கள் அப்படியானால் வேண்டாம் என்று சோர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒரு மெல்லிய குழாயைப் பற்றித்தான். அதன் ஒரு முனை பால்மாவு கரைத்த பாலிலோ, தாய்ப்பால் வங்கியிலிருந்து பெற்ற பாலிலோ இருக்கும். மறுமுனையைக் காம்பருகே ஒட்டிவிட்டுக் குழந்தையை மார்பில் விட்டால், சப்பச் சப்ப அதன் பசியும் தீரும், மார்பும் தூண்டப்படும். சொந்தப் பால் சில துளிகளே வந்தாலும், அந்த அணைப்பும் உடற்சூடும் குழந்தைக்கு முழுமையாகவே கிடைக்கின்றன. இத்தனை எளிய சாதனம் இருப்பதே பலருக்குத் தெரியாதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை மார்பை எளிதில் ஏற்கும்; புட்டிக்குப் பழகிய சற்று வளர்ந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அப்போது வற்புறுத்தாமல், வெறும் மேனியில் அணைத்து வைத்துக்கொண்டு, அது தானாக நாடும் வரை பொறுத்திருப்பதே நல்லது. தனக்குப் பால் வரத் தொடங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் புட்டிப்பாலைச் சட்டென்று குறைப்பதும், அதில் தண்ணீரைக் கூட்டுவதும் ஆபத்து. குழந்தை எடை கூடுகிறதா, நாளைக்கு ஆறு முறையேனும் நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா என்பதைப் பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே குறைக்க வேண்டும்.

இத்தனையும் செய்ய விரும்பாத பெண்ணையும், முயன்றும் பால் சுரக்காத பெண்ணையும் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. பெற்றவளுக்குத்தான் பால் ஊறும் என்று உறவினர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கே, மருத்துவரிடம் கேட்க நினைத்ததைக் கேட்காமல் திரும்பிவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களிடம் குழந்தை வீடு வந்து சேரும் முன்பே இந்த வாய்ப்பையும் அதன் எல்லைகளையும் எடுத்துச் சொல்வதைத் தத்தெடுப்பு நிறுவனங்களும் குழந்தைநல மருத்துவர்களும் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். தங்கள் நாளிதழும் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, மருத்துவப் பக்கத்தில் இதுபற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி, செவிலியர்