புண்கள் கூடிவிட்டனவாம்

அன்புள்ள வசந்தா,

பதில் போடாமல் இருந்ததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி எனக்கும் வந்தாயிற்று, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். செல்வி ரிடையர் ஆகிறாள். வழியனுப்பு விழாவில் பாடுவேன் என்று சொல்லியிருக்கிறாளாம், பாதிப் பேர் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஸ்பிரிட் பாட்டில் விவகாரத்தை இன்னமும் என் தலையில்தான் கட்டிக்கொண்டு திரிகிறாள். நீயும் வாயைத் திறக்க மாட்டாய், தெரியும்.

சரி, உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வயிற்றெரிச்சல்.

தேறாது என்று மேலிடம் முடிவு கட்டிவைத்திருந்த அந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எங்களை உதவிக் குழுவாக அனுப்பியதைப் போன கடிதத்தில் சொல்லியிருந்தேன் இல்லையா? போன வாரம் ஒரு பெரிய மனிதர் போன் செய்தார். "சிஸ்டர், நீங்கள் போவதற்கு முன்னால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படுக்கைப்புண். இப்போது 14. உதவி செய்யப் போனீர்களா, உபத்திரவம் செய்யப் போனீர்களா?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. முன்னால் புண் இல்லாமலா இருந்தது? இருந்தது, எழுதவில்லை. எழுதினால் மெமோ. ராத்திரி டூட்டியில் வார்டு முழுக்கத் தனியாக நின்றவளிடம், "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏன் திருப்பிப் படுக்க வைக்கவில்லை?" என்று பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் விளக்கம் கேட்பார். அதனால் ரிஜிஸ்டரில் "தோல் நன்று" என்று எல்லார் பெயருக்கு நேராகவும் ஒரே கையெழுத்து, ஒரே மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள், மேலிடமும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

இப்போது என்ன மாறியது தெரியுமா? அட்மிஷன் போடும்போதே நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார்த்து, சிவந்திருந்தால் விரலால் அழுத்தி, நிறம் வெளுத்துத் திரும்புகிறதா என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். வரும்போதே இருந்ததா, நம்மிடம் வந்ததா என்று தனித்தனியாக. இதை எழுதினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று நம்புவதற்கே அந்தப் பெண்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. அந்த நம்பிக்கையைத்தான் பெரிய மனிதர் ஒரே போனில் காலி செய்யப் பார்க்கிறார்.

உன் கட்சியோடு எனக்குள்ள சண்டையும் இதுதான், வசந்தா. நீ இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் பழக்குகிறவள். உன் ஆட்கள் வரும் அன்றைக்குத் தரை பளபளக்கும், கை கழுவும் மருந்து எல்லாக் குப்பியிலும் நிரம்பி நிற்கும், சுவரில் புது சார்ட். மறுநாள் போய்ப் பார்த்திருக்கிறாயா? கோபித்துக்கொள்ளாதே. இன்ஸ்பெக்ஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபர்ட்ஷர் ஆஸ்பத்திரிக் கதை உனக்கு நன்றாகத் தெரியும். நோயாளிகள் எட்டுகிற இடத்தில் தண்ணீர் கூட இல்லாமல், அழுக்குத் துணியிலேயே கிடந்தார்கள். நிர்வாகமோ இலக்கு எண்களையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டிருந்தது. 2010-இலும் 2013-இலும் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கைகள் அதையெல்லாம் வெளியே கொண்டுவந்தன. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்தான். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பயந்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறவனுக்கு நல்ல மார்க், உள்ளதை எழுதுகிறவனுக்கு மெமோ என்றால் யார்தான் உண்மையை எழுதுவார்கள்?

நூறு வருஷத்துக்கு முன்னால் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன். தன் சின்ன ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேர் விஷயத்தில் 123 தவறுகளைத் தானே எண்ணி, அச்சுப் போட்டு வெளியிட்டார். நீங்களும் எண்ணுங்கள் என்று மற்ற ஆஸ்பத்திரிகளைக் கேட்டார். கூட வேலை பார்த்த டாக்டர்கள் அவரை ஒதுக்கிவைத்ததுதான் மிச்சம். நம் பெரிய மனிதர் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு போன் போட்டிருப்பார்.

இன்னொன்று சொல்கிறேன் கேள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கும் ரிசல்ட் வார்டுக்கு வர சாயங்காலம் ஆகிவிடும், டாக்டர்கள் லேபைத் திட்டுவார்கள், லேப் மெஷினைத் திட்டும். புது மெஷின் கேட்டு ஃபைல் வேறு போயிருந்தது. நான் ஒரு நாள் காலை ரத்தம் எடுத்ததிலிருந்து அந்தக் குழாய் பின்னாலேயே நடந்தேன். பத்து மணிக்கெல்லாம் ரிசல்ட் தயார். லேப் ஜன்னலில் ஒரு நீலத் தட்டு, அதில் விழுந்தது. அட்டெண்டர் மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் எடுக்க வருவார். மதியம் வந்தவர் இரண்டு கையிலும் சிலிண்டர் வால்வு, சாவி, ஏதேதோ வைத்திருந்தார், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷினுக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை! இப்போது அளவு மீறிய ரிசல்ட் என்றால் லேபிலிருந்து நேராக வார்டுக்கு போன். கேட்டவள் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நேரத்தோடு எழுத வேண்டும். பைசா செலவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நீலத் தட்டு விஷயம் அட்டெண்டருக்கு எப்போதோ தெரியும். "என்னை யாரும்மா கேட்டாங்க?" என்றார்.

மேலிடத்துக்கு இந்த மாதிரி வேலை ருசிப்பதில்லை. அவர்களுக்குப் படிவம் வேண்டும். மிச்சிகனில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைனால் வரும் தொற்றைக் குறைக்க, பீட்டர் புரோனவோஸ்ட் குழு அங்கே ஐசியுக்களுக்குச் சொன்னது அஞ்சே விஷயம்: கையைக் கழுவு, குளோரெக்ஸிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைத் துடை, முழு உடம்பையும் மூடும் துணி போடு, தொடை இடுக்கில் குத்துவதைத் தவிர், தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இதில் எதுவும் நமக்குப் புதுசில்லை. ஆனால் ஒன்றை விட்டாலும் டாக்டரை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது. தங்கள் தொற்றுக் கணக்கு அந்தந்த ஐசியுவுக்கே திரும்பி வந்தது. ஒரு நோயாளிக்கு அந்த லைன் இருக்கும் ஒரு நாளை ஒரு கத்தீட்டர் நாள் என்று எண்ணினால், 1,000 கத்தீட்டர் நாளுக்கு 2.7 தொற்று என்றிருந்த நடுமதிப்பு மூன்று மாதத்தில் பூஜ்யம். இதை 2006-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் அந்த அஞ்சு வரியைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள், நர்ஸ் டாக்டரை நிறுத்தலாம் என்ற பகுதி மட்டும் எப்படியோ பிரதியில் விழவே இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் செக்லிஸ்டும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் சோதித்தபோது சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் அதையே கட்டாயமாக்கினார்கள். 2014-இல் 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தால், சாவு சொல்லும்படி குறையவில்லை. படிவம் மட்டும் ஏறக்குறைய முழுசாக நிரம்பியதாக ஆஸ்பத்திரிகள் சொல்லியிருந்தன. டிக் அடிக்க நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் யார்?

இதையெல்லாம் சொன்னால் அடுத்தாற்போல ஒரு கூட்டம், "ஆக, ஆள் தேவையில்லை, முறைதான் தேவை" என்று கிளம்பிவிடுகிறது. அதற்கும் சேர்த்தே சண்டை போடுகிறேன். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் லிண்டா ஐக்கன் என்பவரின் ஆராய்ச்சிக் குழு பார்த்து 2014-இல் எழுதியது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆனவர் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. ராத்திரி ஒருத்தி மட்டும் நிற்கிற வார்டில் நான் எந்தச் சார்ட்டை ஒட்டினாலும் அந்தக் குதிகாலைத் திருப்ப இன்னொரு ஜோடிக் கை வேண்டும். இரண்டாவது ஆள் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. புண் கணக்குக்கு மட்டும் போன் வருகிறது.

எனக்கு உண்மையில் தூக்கம் வராமல் செய்வது வேறு. நாங்கள் கிளம்பின பிறகு என்ன ஆகும்? இங்கிலாந்தில் 2013-இல் சாவு விகிதம் அதிகமிருந்த 14 ட்ரஸ்டுகளை, அதாவது அரசு ஆஸ்பத்திரி நிர்வாகங்களை, பார்த்து, 11-ஐத் தனிக் கண்காணிப்பில் வைத்தார்கள். நன்றாக நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியை ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்தார்கள். அந்த ஜோடி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு வார்டு சிஸ்டர் இன்னொரு வார்டு சிஸ்டரிடம் வெட்கமில்லாமல் கேட்கலாம். சில ட்ரஸ்டுகள் ஒரு வருஷத்தில் வெளியே வந்தன, சில வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்தன. இங்கே நிலைமை என்னவென்றால், சூப்பரின்டெண்ட் மாறப்போகிறார் என்று பேச்சு. இவர் வாரம் ஒரு தடவை வார்டில் நின்று, "எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்கிற மனுஷன். வருகிறவர் ரிஜிஸ்டரைத் திறந்து, 14-ஐப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டால் முடிந்தது. மறுநாளே "தோல் நன்று" திரும்பி வந்துவிடும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், விளையாட்டுக்கு இல்லை. உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதில் படுக்கைப்புண் எண்ணிக்கை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு: அட்மிஷனில் எத்தனை பேருக்குத் தோல் பார்த்து எழுதப்பட்டது? வரும்போதே இருந்த புண்ணுக்கும் தனிக் கட்டம். இரண்டும் காலியாக இருந்து, புண் பூஜ்யம் என்று வந்தால், உன் ஆட்கள் அங்கேதான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய மனிதருக்கு நான் எத்தனை விளக்கம் எழுதினாலும் அது ஒரு சிஸ்டரின் சமாதானம். உங்கள் படிவத்தில் வந்துவிட்டால் அது விதி. இப்படித்தான் இருக்கிறது உலகம், என்ன செய்ய.

எங்கள் ரிஜிஸ்டரில் மூன்று மாதப் பக்கங்களை, பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே, எழுதினவள் போன வருஷம்தான் சேர்ந்தாள். மாதக் கூட்டத்துக்கு முன்னால் பதில் போடு. போன் வேண்டாம், போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

உன்
சரோஜா