பழைய ஆஃப்டர்ஷேவ் பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க

ஈரோடு, கோபி, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் சலூன் நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

கடையைப் புதுப்பிக்கும்போது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் காலி செய்வீர்கள். அங்கே பாதி தீர்ந்த பழைய ஆஃப்டர்ஷேவ் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

"முன்ன மாதிரி வாசமே இல்லீங்க" என்று சொல்லாத பெரியவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். உடனே டூப்ளிகேட் மேல் பழி போகும். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அசல் சரக்கே மாறும். ஓல்டு ஸ்பைஸ் ஆண்களுக்கென்று வந்தது 1938-ல், அமெரிக்காவின் ஷுல்டன் நிறுவனத்திடமிருந்து. 1990-ல் அது ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்குப் போனது. பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மாற்றத்துக்குப் பல சமயம் நியாயமான காரணமே இருக்கும். மஸ்க் அம்ப்ரெட் என்றொரு செயற்கைக் கஸ்தூரி இருந்தது. அது கலந்த ஆஃப்டர்ஷேவைப் பூசிக்கொண்டு வெயிலில் போன சிலருக்குக் கன்னம் சிவந்து புண்ணானது. 1995-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுப் பொருள்களில் தடை செய்தது. ஓக் மரப்பாசிச் சாற்றில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் ஒவ்வாமை தருபவை என்று 2017-ல் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அப்புறம் விலை. பனிக்காலத்தில் சத்தி மல்லி விலை எகிறுவது நமக்குத் தெரியாததா? இயற்கை எண்ணெய் வாங்கும் கம்பெனிக்கும் அதே பாடுதான்.

இதையெல்லாம் லேபிள் முழுசாகச் சொல்லாது. வாசனைக் கலவை பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும். அதனால்தான் உங்கள் பாட்டில் வேண்டும். மோந்து பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது. வெளிச்சத்திலும் சூட்டிலும் எலுமிச்சை வகை வாசம் முதலில் போய்விடும். உற்பத்தித் தேதி, பேட்ச் எண், ஆல்கஹால் அளவு, தயாரித்த ஊர் இவை அழியாமல் இருந்தால் எந்த ஆண்டில் என்ன மாறியது என்று வரிசைப்படுத்தலாம். சீல் உடைக்காதது கிடைத்தால் ஆய்வகத்துக்கே அனுப்பலாம்.

அதில் புதுச் சரக்கை ஊற்றி நிரப்பாதீர்கள். லேபிளைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. சும்மா கேட்கவில்லைங்க, ஒவ்வொரு பழைய பாட்டிலுக்கும் புதுசு ஒன்று வாங்கித் தருகிறேன்.