குவிமாட மாதிரி: பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

லண்டன் புனித பவுல் பேராலயக் குவிமாடத்தின் மாதிரியை நம் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் அமைக்கும் பணி நிறைவடைந்தது. பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் தந்தபோது, தேம்ஸ் கரையிலிருந்து தெரியும் அந்தச் சாம்பல் நிற அழகைத்தான் பலரும் எதிர்பார்த்தீர்கள். நாங்களோ அதில் கால்பங்கை வெட்டி எடுத்துவிட்டோம். ஏன் வெட்டினீர்கள் என்று வந்த முறையீடுகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

பேராலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், குவிமாடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கூடுகளைக் கட்டினார். ஆலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது உட்புறச் செங்கல் குவிமாடம். ஜேம்ஸ் தார்ன்ஹில்லின் ஓவியங்கள் அதில்தான் இருக்கின்றன. தெருவிலிருந்து தெரிவது மரச்சட்டத்தின்மேல் ஈயத்தகடு போர்த்திய கூடு. உச்சியில் நிற்கும் ஏறத்தாழ 850 டன் எடையுள்ள விளக்கு மாடம் எனப்படும் சிறு கோபுரத்தை இவை இரண்டும் தாங்கவில்லை. இடையில் மறைந்து நிற்கும் செங்கல் கூம்புதான் தாங்குகிறது. அதன் கனம் வெறும் 18 அங்குலம். வெட்டாமல் வைத்தால் இந்தக் கூம்பு தெரியாது. கூம்பு தெரியாத மாதிரிக்கு இவ்வளவு பணம் கேட்க எங்களுக்கு மனம் வந்திருக்காது.

நாம் எடுத்துக்கொண்ட 1:50 அளவில் கூம்பின் கனம் 9 மில்லிமீட்டர்தான். அந்தக் கனத்துக்குப் பலகைகளை இழைத்து, பசை தடவாமல் வட்டமாகச் சாய்த்து நிறுத்தினோம். அடியைச் சுற்றி ஒரு பழைய சைக்கிள் சங்கிலி; உச்சியில் மணல் நிரப்பிய டப்பா. இதை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டலாம். சங்கிலியின் கொக்கியைக் கழற்றியதும் பலகைகளின் அடி வெளிப்பக்கமாக வழுக்கும், டப்பா தடாலென்று இறங்கும். ரென் குவிமாடத்தின் அடியைச் சுற்றி இரும்புச் சங்கிலி பதித்தது ஏன் என்று அதன்பின் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. மறுபடியும் கழற்றச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

குவிமாடத்தைத் தாங்கும் எட்டுத் தூண்களில் ஒன்றையும் பிளந்து காட்டியிருக்கிறோம். வெளியே செதுக்கிய போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல், உள்ளே உடைகல்லும் காரையும். 1666-இல் லண்டனை அழித்த பெருந்தீயில் பாழான பழைய ஆலயத்தின் இடிபாடுகளும் அந்த நிரப்பில் சேர்ந்தன. இந்தச் சிக்கனத்தின் விலையைப் பின்வந்தவர்கள் கொடுத்தார்கள். தூண்களில் விரிசல் கண்டு, குவிமாடப் பகுதியை 1925 முதல் 1930 வரை மூடிவைத்து, உள்ளே சிமென்டுக் குழம்பைச் செலுத்தி, துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி ஒன்றையும் புதிதாகச் சுற்றினார்கள். மாதிரியில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பது அந்தச் சங்கிலி. உண்மையில் அது சிவப்பு அன்று. தூரத்திலிருந்து தெரியட்டும் என்று பூசினோம்.

வெளிக்கூட்டுக்கு ஈயத்தகடே வேண்டும் என்று இரு உறுப்பினர்கள் கடைசிவரை வாதாடினார்கள். பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் ஈயம் கூடாது என்பதால் அலுமினியத் தகட்டுக்குச் சாம்பல் வண்ணம் பூசினோம். பிளைவுட் தவறான கனத்தில் வந்து, திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்ததில் தைப்பொங்கல் திறப்பு தவறிப்போனது. வண்ணம் பூச வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. மாதிரி வைத்திருக்கும் பெட்டியின் சாவி பள்ளிப் பொறுப்பாளரிடம் இருக்கும். மீந்த பலகைகளை நூலக அலமாரிக்குப் பயன்படுத்த எண்ணியிருக்கிறோம். மறுப்பு இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன் பொருளாளரிடம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மாதிரி அமைப்புக் குழு