யாழினிக்கு ஒரு லேப்டாப்

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். யாழினிக்கு சமூகப்பணி முதுகலையில் இடம் கிடைத்ததற்கு அவளுக்கே தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க நீ கேட்ட லேப்டாப் விஷயம்தான்.

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, பஸ் பயணம், தோளில் பை, கையில் 25,000 ரூபாய். இவ்வளவையும் வைத்து யோசித்தால் என் பதில் ஒன்றுதான்: புதுசு வாங்காதே. இந்த விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் இலேசான லேப்டாப்களில் பலவற்றில் செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்றுதான் இருக்கும். செலரான் என்4020-இல் இருப்பது இரண்டே கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டுதான். இஎம்எம்சி என்பது போனில் இருப்பதைப் போன்ற சேமிப்புச் சில்லு. மதர்போர்டோடு சோல்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் அந்த 64 ஜிபியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒரு வருடத்துக்குள் "இடம் இல்லை" என்ற எச்சரிக்கை வரும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதே பணத்துக்கு, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த பிசினஸ் லேப்டாப் வாங்கலாம். ஊழியர்கள் நாள் முழுக்கச் சுமப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. உடம்பு உறுதி, கீபோர்டு நல்லது, உதிரிபாகம் கிடைக்கும்.

எது வாங்கினாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். லேப்டாப் மெலிய மெலிய உள்ளே இருப்பவை போர்டோடு ஒட்டிக்கொண்டே போகும். அதனால் பின்னால் மாற்ற முடியாததில் விட்டுக்கொடுக்காதே, மாற்ற முடிவதில் விட்டுக்கொடுக்கலாம். பிராசஸரை மாற்ற முடியாது. ஒட்டிய ரேமை மாற்ற முடியாது. ஸ்க்ரீனை மாற்றலாம், ஆனால் செலவு கையைக் கடிக்கும். பேட்டரியும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் நாலு ஸ்க்ரூ கழற்றினால் மாற்றிவிடலாம்.

பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக்கூடாது. ஐ5-8250யூ அல்லது ஐ5-8350யூ என்று எழுதியிருக்கும். இதற்குக் காரணம் இரண்டு. ஏழாம் தலைமுறை ஐ5-7200யூ-வில் இரண்டு கோர்தான், 8250யூ-வில் நான்கு. பெயரளவில் ஒரு தலைமுறைதான் தள்ளி, வேலையில் வித்தியாசம் கண்கூடு. இரண்டாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது, ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறோம் என்று கடையில் சொல்வார்கள். ஓடும்; ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. படிக்கிற பெண்ணுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

மாடல் என்று பார்த்தால் எல்லாம் 2018-இல் வந்தவை. லெனோவா திங்க்பேட் டி480எஸ், 14 இன்ச், 1.32 கிலோவிலிருந்து. திங்க்பேட் எக்ஸ்280, 12.5 இன்ச், 1.13 கிலோவிலிருந்து. எச்பி எலைட்புக் 830 ஜி5, 13.3 இன்ச், ஏறத்தாழ 1.33 கிலோ. டெல் லேட்டிட்யூட் 7390-உம் நல்லதுதான்.

இருப்பதிலேயே இலேசு எக்ஸ்280. ஆனால் அதில் ரேம் முழுக்கப் போர்டில் ஒட்டியது. 8 ஜிபி மாடலை வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான். குரோமில் பத்து டேப், வேர்டில் அறிக்கை, மீட்டில் வகுப்பு மூன்றும் சேர்ந்தால் 8 ஜிபி திணறும். டி480எஸ்ஸில் கொஞ்சம் ரேம் ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். ஒட்டியது 8 என்றால் ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டு 16 ஆக்கிக்கொள்ளலாம். எலைட்புக்கில் இரண்டு ஸ்லாட். என் ஓட்டு டி480எஸ்ஸுக்கு. எக்ஸ்280 16 ஜிபியோடு கிடைத்தால் மட்டும் அதை எடு. 200 கிராம் குறைவு தோளுக்குத் தெரியும், ஆனால் களப்பணி அறிக்கையைச் சின்ன ஸ்க்ரீனில் இரவெல்லாம் தட்டும்போது கண்ணுக்கும் தெரியும்.

எடையைப் பற்றி இன்னொன்று. விளம்பரத்தில் போடுவது லேப்டாப் எடை மட்டும்தான். 65 வாட் அடாப்டரும் அந்தத் தடித்த மூன்று பின் வயரும் சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும். நான் சொன்ன இரண்டு திங்க்பேடும் யூஎஸ்பி-சி வழியாகத்தான் சார்ஜ் ஆகின்றன, அதனால் உள்ளங்கை அளவு காலியம் நைட்ரைடு சார்ஜர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதில் "பிடி" (பவர் டெலிவரி) என்றும் "20 வோல்ட், 3.25 ஆம்பியர்" என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன் சார்ஜர்களில் பல 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். அதைச் சொருகினால் லேப்டாப் சட்டை செய்யாது, பழுது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது. எலைட்புக் மாதிரி உலோக உடம்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. சார்ஜர் தரமானதாக இருந்தால் ஆபத்தில்லை. விடுதி அறையில் மூன்று பின் அடாப்டர், பைக்குள் சின்ன சார்ஜர் என்று பிரித்துக்கொள்ளட்டும்.

ஸ்க்ரீன் கட்டாயம் 1920-க்கு 1080 புள்ளிகள், சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. எக்ஸ்280-இல் 1366-க்கு 768, டிஎன் என்ற மட்டமான வகை பேனலும் உண்டு. விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான். கடையில் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தை 11 பாயிண்ட்டுக்குச் சுருக்கிப் பாருங்கள். "க்", "ந்", "ண்" மேலே உள்ள புள்ளி தனியாக நிற்க வேண்டும். எழுத்தோடு கரைந்து "க"வா "க்"கா என்று சந்தேகம் வந்தால் அந்த ஸ்க்ரீன் யாழினிக்கு ஆகாது, தமிழிலேயே அறிக்கை எழுதப்போகிறவள் அவள். அடுத்து ஸ்க்ரீனை மேலும் கீழுமாகச் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறிப் புரண்டால் டிஎன். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அழுத்தம் பட்ட வெளிர்த் திட்டுகள் தெரிந்துவிடும். எலைட்புக்கில், பக்கத்து ஆள் பார்க்க முடியாதபடி மறைக்கும் ஸ்க்ரீன் சிலவற்றில் இருக்கும். அந்த மறைப்பை அணைத்திருக்கும்போதும் ஸ்க்ரீன் மங்கல்தான், வேண்டாம்.

இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அண்ணன் வருவதாக எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் காலையிலேயே வரச் சொல். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் பக்கம். லெனோவாவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10. ஆன் செய்தவுடன் தட்ட வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்பார்கள், போகாது. போர்டையே மாற்று என்பதுதான் கம்பெனி சொல்லும் வழி.

அடுத்தது பலரும் கோட்டை விடுவது. வைஃபையில் இணைத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். கழித்துக்கட்டிய கம்பெனி தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து அதை நீக்காமல் விட்டிருந்தால், ரீசெட் முடிந்து வரும் லாகின் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் வந்து நிற்கும். அவர்கள் நீக்கும்வரை அது அவர்கள் லேப்டாப்தான். கடையில் ஏற்கெனவே ரெடி செய்து வைத்திருப்பதில் இது தெரியாது, ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்யும் அன்றுதான் தெரியும்.

பிறகு பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பக்கம் உருவாகும். யாழினிக்குச் சொன்னால் புரியும். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். டி480எஸ்ஸில் டிசைன் 57 வாட்-மணி, அங்கே 57,000-ஐ ஒட்டி இருக்கும். இரண்டாவது எண் 40,000 என்றால் எழுபது சதவீதம் மிச்சம். எழுதுவது, படிப்பது, வைஃபை, பாதி வெளிச்சம் என்று வைத்தால் ஏழெட்டு வாட் போகும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பாதிக்கும் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துப் பேச வேண்டும். எப்படியும் 3,000 ரூபாயைப் பேட்டரிக்கென்று தனியே எடுத்து வை. லேப்டாப்பை மேசையில் வைத்து அமுக்கும்போது ஆடினாலோ, டச்பேட் மேலே தள்ளி க்ளிக் ஆக மறுத்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. அதை வாங்கவே கூடாது.

சார்ஜரை இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் மாற்றி மாற்றிச் சொருகி, மெதுவாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். அந்தத் துளை நேராகப் போர்டில் ஒட்டியது. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேடுகளில், தண்டர்போல்ட் என்ற வேகமான யூஎஸ்பி-சி துளையின் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) கோளாறு உண்டு. உள்ளே இருக்கும் நினைவகச் சில்லு தேய்ந்து அந்தத் துளையே வேலை செய்யாமல் போகும். லெனோவா தன் தளத்தில் அதற்குத் திருத்தம் கொடுத்திருக்கிறது. துளை நன்றாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இது.

அவள் விடுதிக்குப் போகும் முன் இரண்டு செட்டிங் மாற்றிக் கொடு. லெனோவா வாண்டேஜ் செயலியில் சார்ஜ் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. 75-க்குக் கீழே போனால் ஏறத் தொடங்கு, 80-இல் நிறுத்து என்று வைக்கலாம். லித்தியம் பேட்டரிக்கு நூறில் நிற்பதும் சூடும் கேடு, சேர்ந்தால் இன்னும் கேடு, நம் ஊர் வெயிலில் இரண்டும் சேர்ந்தே வரும். களப்பணிக்கு முந்தின இரவு மட்டும் வரம்பை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளட்டும். இரண்டாவது, போன் ஹாட்ஸ்பாட்டை விண்டோஸில் "மீட்டர்டு" என்று குறித்துவிடு. இல்லாவிட்டால் கிராமத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்டேட் இறங்கி அன்றைய டேட்டா முழுக்கப் போய்விடும்.

பைக்குள் வைக்கும் முன் மூடினால் மட்டும் போதாது. ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் சில சமயம் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும், இறங்கும்போது சார்ஜ் இருக்காது. ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) அல்லது ஷட்டவுன். ஹைபர்னேட் மெனுவில் இல்லையென்றால் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் டிக் போட வேண்டும். டிபன் பாக்ஸை மூடியின் பக்கம் வைக்கக்கூடாது. மெல்லிய மூடி வளைந்து ஸ்க்ரீனில் வெள்ளைத் திட்டு விழுவது அப்படித்தான். கீபோர்டு மேல் பேனாவோ இயர்போனோ கிடக்க மூடினால் ஸ்க்ரீன் உடையும்.

மெத்தை மேல் வைத்து வேலை செய்யக்கூடாது, காற்று உள்ளே போகும் வழி அடியில்தான். வருடத்துக்கு ஒருமுறை திறந்து தூசு எடுத்தால் போதும். திங்க்பேடில் முதலில் பயாஸின் பவர் பகுதியில் "டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி" கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். அடி மூடி ஸ்க்ரூக்கள் கழன்று விழாது, மூடியிலேயே நிற்கும். ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெல்ல நெம்பினால் கொக்கிகள் விடும். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தள்ள வேண்டும். பிடிக்காமல் காற்றடித்தால் வேகமாகச் சுழன்று பேரிங் போகும்.

டீ கொட்டிவிட்டால் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம்போல் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகக் கடைக்கு. காய்ந்துவிட்டது என்று ஆன் செய்து பார்க்கக்கூடாது. தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரையும் பாலும் போர்டிலேயே தங்கி மெல்ல அரிக்கும். அரிசி டப்பாவில் புதைப்பதால் பிரயோஜனமில்லை.

அண்ணன் எந்த நாள் வருகிறார் என்று எழுது. கடையில் மாடல் பெயரையும் பேட்டரி ரிப்போர்ட்டில் வரும் அந்த இரண்டு எண்ணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் பணம் கொடுக்கச் சொல். அம்மாவுக்கு என் அன்பு.

உன்
கலா