புளி போட்டு விளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய முன்னோர்களின் பதக்கங்களைப் பேணுவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கிப் பார்க்கும் ஆவலைப் பல வீடுகளில் அது தூண்டியிருக்கும். ஆயினும் அதில் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளை மறுக்காமல் இருக்க முடியவில்லை. பெயர் பொறிக்கப்படாத பதக்கம் போலியாகத்தான் இருக்கும் என்பது ஒன்று; மங்கிப்போன பதக்கங்களைப் பித்தளைச் சாமான்களைப் போல நன்றாக விளக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்ட குடும்பம் எங்களுடையது.

என் தாத்தா 1948-ல் பட்டாளத்திலிருந்து வீடு திரும்பினார். அவர் காலமானபோது ஐந்து பதக்கங்கள் ஒரே பட்டையில் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. பாகம் பிரித்த சமயத்தில், பிள்ளைகள் மூவரிடமும் அவர் நினைவாக ஏதாவது இருக்கட்டும் என்று அந்தப் பட்டையைக் கத்தரித்து, பெரியப்பாவுக்கு இரண்டு, என் அப்பாவுக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். காகிதங்கள் இருந்த பெட்டி அத்தை வீட்டுக்குப் போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் ஒரு மனிதரின் ஆறேழு ஆண்டு வாழ்க்கையைச் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் அன்றைக்கு நான்கு துண்டாக வெட்டப்பட்டது.

பெரியப்பா வீட்டில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கோடும் தாம்பாளத்தோடும் சேர்த்து அந்த இரண்டு நட்சத்திரங்களையும் புளி போட்டுத் தேய்த்தார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்பதால் அவை பளிச்சென்று மின்னின. பார்த்தவர்கள் தங்கமா என்று கேட்டார்களாம். நாற்பது ஆண்டுகளில் நடுவட்டத்தில் எழும்பி நின்ற எழுத்துகள் தேய்ந்து, ‘ஸ்டார்’ என்ற சொல்லைத் தவிர மற்றது படிக்க முடியாமல் போயிற்று. ரிப்பன்கள் புளித் தண்ணீரில் ஊறி ஒரே பழுப்பு நிறமாகிவிட்டன. மேலே கிரீடமும் அதன் கீழே ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற பின்னல் எழுத்தும் மட்டும் ஒருவாறு தெரிந்தன. அதைச் செய்துகொடுத்த கம்பெனியின் முத்திரை என்றே பெரியப்பா கடைசிவரை நம்பியிருந்தார். ஜார்ஜ் என்னும் மன்னர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம் அது. ஆறாம் ஜார்ஜ் காலத்துப் போர் நட்சத்திரங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும்.

அந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஆறுமுனை கொண்டவை; ஒரே அச்சில் வார்த்தது போல ஒன்றையொன்று ஒத்திருப்பவை. போர் முடிந்தபின் எட்டு வகை வழங்கப்பட்டன. தூரத்திலிருந்து அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது ரிப்பனின் நிறங்கள் மட்டுமே. 1939-45 நட்சத்திரத்துக்கு அடர்நீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சமப் பட்டைகள். அவை கடற்படை, தரைப்படை, விமானப்படையைக் குறிப்பவை. ஆப்பிரிக்க நட்சத்திரத்துக்குப் பாலைவன மணலின் நிறம், நடுவில் சிவப்பு, ஒருபுறம் மெல்லிய அடர்நீலக் கோடு, மறுபுறம் மெல்லிய வெளிர்நீலக் கோடு. பர்மா நட்சத்திரத்துக்கு நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் அடர்நீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சு. இத்தாலி நட்சத்திரத்துக்கு அந்நாட்டுக் கொடியின் நிறங்கள்: சிவப்பு, வெள்ளை, பச்சை, மீண்டும் வெள்ளை, சிவப்பு.

‘தாத்தா பர்மாவில் சண்டை போட்டவர்’ என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. பட்டாளத்துக்குப் போன தமிழர் என்றால் பர்மா என்றே நம்மில் பலர் முடிவு செய்துவிடுகிறோம். சென்ற ஆண்டு பெரியப்பா மகனிடமிருந்து அந்த நட்சத்திரங்களை வாங்கி, சாயம் போன ரிப்பனின் பின்பக்கத்துத் தையலைப் பிளேடால் மெல்லப் பிரித்தேன். மடித்துத் தைத்திருந்த அரை அங்குலத்துக்குப் புளியும் வெயிலும் எட்டவில்லை. மணல் நிறம், நடுவில் சிவப்பு, இரண்டு நீலக் கோடுகள். அடுத்ததில் நட்டநடுவில் பச்சை. பர்மா எங்கும் இல்லை. தாத்தா போனது வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும்.

இனிப் பெயர் பற்றிய பிழை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. வெள்ளியாலான போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பில், 1914-15 நட்சத்திரத்தில் பின்புறத்தில். இரண்டாம் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தம் வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. இந்தியக் குடும்பங்களிடம் பெயர் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஆகவே விளிம்பு வெறுமையாக இருப்பதை வைத்து மட்டும் ஒரு பதக்கத்தைப் போலி என்று தள்ளிவிடுவது, உண்மையான வீரர்கள் பலரின் பதக்கங்களைப் பழைய இரும்புக்காரரிடம் அனுப்பிவிடும். எங்கள் உறவினர் ஒருவர் விற்கப் போய், ‘வெறும் பித்தளை’ என்று கேட்டுத் திரும்பிவந்தவர்தான். லட்சக்கணக்கில் வழங்கப்பட்டவை என்பதால் தனி நட்சத்திரம் ஒன்றுக்குச் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது. யாருடையது என்று நிறுவ முடிந்தால்தான் அதற்கு மதிப்பு, அதுவும் முதலில் அந்தக் குடும்பத்துக்கு.

எங்களுக்கு அதை நிறுவிக் கொடுத்தது சித்தப்பாவின் பங்கு. மற்றவர்களுக்கு இரண்டு, தனக்கு ஒன்றா என்று அவர் வருத்தப்பட்டு அலமாரியின் அடியில் போட்டு வைத்திருந்த இந்தியச் சுதந்திரப் பதக்கம் அது. 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. காவி, வெள்ளை, பச்சை ரிப்பன். ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள். மறுபக்கம் அசோகச் சக்கரம், அதன் தலைமேல் ஆங்கிலேயரின் கிரீடம். இரண்டு அரசுகள் ஒரே நாணயத்தில் இடம் பிடித்ததைப் போன்ற விசித்திரமான காட்சி அது. யாரும் தேய்க்காததால் அதன் விளிம்பில் தாத்தாவின் எண்ணும், படையின் பொறியியல் பிரிவு வீரரைக் குறிக்கும் ‘சாப்பர்’ என்பதன் சுருக்கமும், எழுத்துப் பிழையோடு அவர் பெயரும் கூர்மையாக இருந்தன. பெயரில் எழுத்து மாறியிருந்தால் வேறு ஆளோ என்று பதற வேண்டாம். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். நம்பத்தக்கது எண்.

அதன்பின் அத்தையின் பெட்டி. நான்காக மடித்த விடுவிப்புச் சான்றிதழில் அதே எண் இருந்தது. கூடவே கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு தைத்த தோள்பட்டைச் சின்னம் ஒன்று; பாட்டி அதைக் கருடன் என்றே சொல்லிவந்தார். அது 4-ஆவது இந்திய டிவிஷனின் அடையாளம். ஆப்பிரிக்காவில் போரிட்டு, பின்னர் இத்தாலியில் காசினோவில் மோதிய படை அது; அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் இருந்தன. அந்தப் பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில், தம்முடன் இருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர் துறந்து, வீரத்துக்கான உயரிய பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றார் என்பதைத் தமிழர்களில் எத்தனை பேர் அறிவோம்? இதே சின்னம் கறுப்புப் பூனையாக இருந்திருந்தால் 17-ஆவது டிவிஷன், சண்டைச் சேவலாக இருந்திருந்தால் 23-ஆவது. இரண்டும் பர்மா முனையைச் சேர்ந்தவை. பெட்டியில் ஒரு பழைய நோட்டும் இருந்தது. நேச நாடுகளின் படை 1943-ல் இத்தாலியில் வெளியிட்ட லிரா அது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டிலோ ஜப்பானிய அரசு அச்சிட்ட ரூபாய் நோட்டுதான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் தொகுதி எழுத்து ‘பி’ என்று தொடங்கும்.

துணிச்சின்னம், நோட்டு, ரிப்பன், விளிம்பு எண் ஆகிய நான்கும் ஒரே மேசையில் ஒன்றாக வைக்கப்பட்ட பிறகே ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின. தனித்தனியாக இருந்தவரை அவை ஊமைகள். ஆகவே வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பதக்கங்களைப் பங்கிட வேண்டாம். பங்கிட்டே ஆக வேண்டும் என்றால், தைத்திருந்த வரிசையை இடமிருந்து வலமாக, முன்னும் பின்னும் விளிம்பும் தெரியும்படி முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசைக்கும் விதி உண்டு. உலர்ந்த மென்துணியால் தூசு தட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, சொந்த ஊர் ஆகியவற்றோடு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் பெங்களூரில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் வெலிங்டனில். பஞ்சாப், பலூச் ரெஜிமென்ட்டுகளில் பல 1947-ல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைத் தேடலாம்.

ஒன்றை மட்டும் கையால் தொடாதீர்கள். பெட்டியில் தோட்டாவோ குண்டு போன்ற எதுவோ தட்டுப்பட்டால், காலியானதா என்று தட்டிப் பார்க்காமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருள்ள தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும் கூட.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையுடன் வெளிவந்த பதக்கப் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. ரிப்பனின் நிறமே முதல் தடயம் என்பதால், திருத்தத்தோடு அதே படத்தை வண்ணத்தில், பின்புறமும் விளிம்பும் தெரியும்படி மீண்டும் வெளியிட வேண்டுகிறேன். அந்தப் படத்தில் இடமிருந்து இரண்டாவதாக உள்ள பதக்கம் யாருடையது என்று தெரியவில்லை எனக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன் ரிப்பன் மணல் நிறமாக இருக்குமானால், அதை அனுப்பிய வாசகர் பர்மாவில் தேடுவதை நிறுத்திவிடலாம்.

இங்ஙனம்,
ஒரு சாப்பரின் பேரன்