பட்டியலை ஜூனிலேயே கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை – அவிநாசி சாலையோரம் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எப்படிக் கடைக்கு வந்தேன் என்பது வேறு கதை. ஒவ்வொரு வருடமும் முதலாண்டு இன்ஜினீயரிங் வகுப்பு தொடங்கிய அன்று சாயங்காலமே கடையில் தேர்க் கூட்டம். எல்லார் செல்போனிலும் கணக்கு வாத்தியார் அனுப்பிய பட்டியல். வெளிநாட்டு ஆசிரியர் எழுதிய தலையணை சைஸ் புத்தகம், அதுவும் புதுப் பதிப்பு, சயின்டிஃபிக் கால்குலேட்டர், லாங் சைஸ் நோட்டு. எல்லாம் நாளைக்கே வேண்டுமாம். எனக்கு வியாபாரம்தான். ஆனால் ஃபீஸ் கட்டிவிட்டு வந்த தறிக்காரர் ஒருவர் என் கடை வாசலில் நின்று பர்ஸை இரண்டு தடவை எண்ணிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"அக்கா படிச்ச பழைய புத்தகம் வீட்டுல இருக்குதுங்க, அது ஆகாதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டது. வகுப்பில் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வகையிடல், அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கிற கணக்கு, அப்படியேதான் இருக்கிறது. பயிற்சிக் கணக்குகளின் எண்தான் முன்னே பின்னே மாறியிருக்கிறது. வீட்டுப்பாடக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டால் தீர்ந்தது.

வாங்க வேண்டியதைவிடத் தெரிந்திருக்க வேண்டியதுதான் பெரிய விஷயம். அதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் ஐந்து அலகுகளில் நான்கு நுண்கணிதம் (கால்குலஸ்). அதற்கு அடித்தளமான எல்லை மதிப்பு, வகையிடல், தொகையிடல் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பல பள்ளிகளில் பிளஸ் ஒன்னை ஒப்புக்கு முடித்துவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவியதும், அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததும் ஊரறிந்தது.

போன வருடம் ஒரு பையன் கால்குலேட்டரைத் திருப்பித் தர வந்தான். "ரிப்பேருங்கண்ணா. சைன் 0.01ஐ 0.01ஆல் வகுத்தா ஒண்ணுகிட்ட வரணும்னு சார் சொன்னாரு, இதுல 0.01745னு வருதுங்க." வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் பொடியாக 'டி' என்ற எழுத்து. கோணத்தை டிகிரியில் எடுத்துக்கொண்டிருந்தது. கோணத்தின் இன்னொரு அளவையான ரேடியனுக்கு மாற்றினேன், 0.99998 வந்தது. பழைய விடையும் சும்மா வந்ததல்ல, π (பை) மதிப்பை 180ஆல் வகுத்தால் வருவது அதுதான். நுண்கணிதத்தில் கோணத்தை ஏன் ரேடியனில் எடுக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பையன் கெட்டிக்காரன், சொன்னதும் பிடித்துக்கொண்டான். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன் அவன். 'சார்பு' தெரியும், 'ஃபங்ஷன்' என்றால் முழிப்பான். 'வகைக்கெழு' தெரியும், 'டெரிவேட்டிவ்' புதுசு. இதற்காகவே எதிரெதிரே சொற்கள் போட்டு ஒரு பக்கத்தில் தாள் ஒன்று தயார் செய்தேன். இப்போது கால்குலேட்டர் வாங்குகிற எல்லாருக்கும் அதையும் மடித்துக் கொடுக்கிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடுகிறது. வகுப்பு தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது. பிள்ளைகள் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கு லீவு வேலைக்குப் போகிறார்கள், மீதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காரணிப்படுத்துதல், முக்கோணவியல் வாய்பாடு, மடக்கை விதி, பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இன்னின்ன பாடம் என்று கல்லூரிகள் ஜூன் மாதமே தமிழிலும் ஒரு தாள் வெளியிடட்டும். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம், எந்தப் பதிப்பு போதும், நூலகத்தில் எத்தனை பிரதி இருக்கிறது, பரீட்சைக்கு எந்த மாடல் கால்குலேட்டரை அனுமதிப்பார்கள் என்பதையும் அதிலேயே போட்டுவிடலாம்.

அப்படித் தாள் தயார் செய்கிற கல்லூரி எதுவானாலும் என் கடைக்கு அனுப்பட்டும். கேட்டு வருகிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கருமத்தம்பட்டி.